மீட்டர் காட்டாத உச்சம்

சில ஆண்டுகளுக்கு முன் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) முடித்து அனுப்பிய பாடல் ஒன்று என்னிடமே திரும்பி வந்தது. குரல் உச்சத்துக்கு ஏறும் இடங்களில் கரகரப்பதாக இசையமைப்பாளர் சொன்னார். கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒலியளவைக் காட்டும் மீட்டர் எங்கும் டிஜிட்டலின் உச்ச எல்லையான பூஜ்ஜியத்தைத் தாண்டவில்லை, சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. என் ஸ்பீக்கரிலும் குறை எதுவும் கேட்கவில்லை. அவருடைய பிளேயரை வாங்கி அதில் ஓடவிட்டபோதுதான் அவர் சொன்னது காதில் விழுந்தது.

காரணம் சாம்பிள்களுக்கு இடையே இருந்தது. குறுந்தகட்டில் ஒரு வினாடி ஒலி 44,100 சாம்பிள்களாக, அதாவது அலையின் உயரத்தைக் குறிக்கும் புள்ளிகளாகப் பதிகிறது. அதைப் படிக்கட்டு போலப் படம் வரைந்து காட்டுவது நம் பாடநூல்களின் பழக்கம். அந்தப் படம் பலரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. ஒலி திரும்ப வரும்போது படிக்கட்டு இருப்பதில்லை. புள்ளிகள் அனைத்தையும் தொட்டுச் செல்லும் வழவழப்பான அலை ஒன்றை பிளேயரில் உள்ள வடிகட்டி (ஃபில்டர்) மீட்டெடுக்கிறது. சாம்பிள் வீதத்தில் பாதிக்கும் குறைவான அதிர்வெண்கள் மட்டுமே இருந்தால், அப்படிப்பட்ட அலை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். 1949இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் இதை நிறுவிக் காட்டினார்.

ஆனால் அந்த அலையின் முகடு ஏதாவதொரு புள்ளியில்தான் அமைய வேண்டும் என்று கட்டாயமில்லை. 11,025 ஹெர்ட்ஸ் சைன் அலைக்கு ஒரு சுற்றுக்கு 4 புள்ளிகள் கிடைக்கும். அவை நான்கும் முகட்டிலிருந்து 45 பாகை விலகி விழுந்தால், ஒவ்வொன்றும் உண்மையான உயரத்தில் சுமார் 71 சதவீதத்தையே காட்டும். அந்தப் புள்ளிகளை எல்லை வரை உயர்த்திவிட்டு எல்லாம் சரி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையான அலை 3 டெசிபெல் மேலே போயிருக்கும். டிஜிட்டல் எண்களை மின்னலையாக மாற்றும் ஒலிமாற்றியின் உள்ளே இடைப்புள்ளிகளைக் கணக்கிடும் வடிகட்டியில் அந்த உயரத்துக்கு இடம் இல்லையென்றால் முகடு வெட்டப்படுகிறது; மூலத்தில் இல்லாத அதிர்வெண்கள் பிறக்கின்றன. சில கருவிகளில் இதற்கென இடம் விட்டிருப்பார்கள், பலவற்றில் விட்டிருப்பதில்லை. என் ஸ்டூடியோவில் ஒலிமாற்றிக்கு முன்பே டிஜிட்டலில் ஒலியளவைக் குறைத்துக் கேட்கும் வழக்கம் இருந்ததால் அந்தச் சிதைவு எனக்குக் கேட்கவே இல்லை. அந்த ஏற்பாட்டை நம்பி நான் எத்தனை பாடல்களை அனுப்பினேன் என்று நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது.

எம்பி3, ஏஏசி போன்ற, அளவைச் சுருக்கிய கோப்புகளில் நிலைமை இன்னும் மோசம். ஒலி எல்லை தாண்டாமல் அடக்கும் லிமிட்டர் தட்டையாக்கிய முகடுகள், சுருக்கத்தில் அலையின் வடிவம் மாறும்போது மீண்டும் எழும்பிவிடுகின்றன. சத்தம் கூடுதலாக வேண்டும் என்று இறுக்கி அழுத்திய பாடல்களே இதில் அதிகம் அடிபடுகின்றன.

சாதாரண மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 1770 பரிந்துரை, சாம்பிள் வீதத்தை நான்கு மடங்காக்கி, ‘ட்ரூ பீக்’ என்ற உண்மை உச்சத்தை அளக்கும் முறையைத் தருகிறது. ஐரோப்பிய ஒலிபரப்பின் ஆர் 128 பரிந்துரையில் அதன் எல்லை மைனஸ் 1 டெசிபெல். சுருக்கப்போகும் கோப்புக்கு நான் மைனஸ் 2 வைக்கிறேன். சுருக்கிய கோப்பை விரித்து மறுபடியும் அளக்காமல் அனுப்புவதில்லை.

அந்தப் பாடலில் உண்மை உச்சம் எல்லையை 1.3 டெசிபெல் தாண்டியிருந்தது. வேறு எதையும் தொடாமல் முழுப் பாடலையும் 2.5 டெசிபெல் இறக்கி அதே பிளேயரில் போட்டேன். கரகரப்பு போய்விட்டது.