பத்து வருடம் ஓட வேண்டிய சாஃப்ட்வேருக்கு எந்த ஃப்ரேம்வொர்க்?

கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். ஜிஎஸ்டி சட்டத்தில் அது வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். சரி, அந்தக் கணக்கை எழுதும் சாஃப்ட்வேரின் ஆயுள் எவ்வளவு? சாஃப்ட்வேரைக் கட்டத் தயாராகக் கிடைக்கும் அடித்தளத்தை ஃப்ரேம்வொர்க் என்பார்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க்கில், நீண்டகால சப்போர்ட் உள்ள, அதாவது நீண்ட நாள் திருத்தங்கள் வரும், வெர்ஷனுக்கே சுமார் 3 ஆண்டுதான். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டிலும் அப்படியே. பிஎச்பி மொழியில் எழுதுபவர்கள் விரும்பும் லாராவெல்லில், ஒரு வெர்ஷனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2 ஆண்டுக்கு வரும். இன்று போடும் ஒரு பில்லை அதிகாரி கேட்டு வரும் நாளில், அதைப் போட்ட வெர்ஷனுக்கு சப்போர்ட் முடிந்து பல வருடம் ஆகியிருக்கலாம்.

பில்லிங், ஸ்டாக், சம்பளம், லெட்ஜர் எல்லாவற்றையும் ப்ரௌசரிலேயே நடத்தும் சாஃப்ட்வேரைக் கட்டப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வயது வித்தியாசத்தைத்தான். ஆனால் எது வேகம், எதில் ஸ்கிரீன் பளபளவென்று வரும், இப்போது எல்லோரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். இருபது பேர் உட்கார்ந்து பில் போடும் அலுவலகத்தில் ஃப்ரேம்வொர்க்கின் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே ஸ்கிரீன் இழுத்துக்கொண்டு நின்றால், பெரும்பாலும் டேட்டாபேஸிலிருந்து விவரங்களை எடுக்கும் குவெரியை யாரோ மோசமாக எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஃப்ரேம்வொர்க் உள்ளே என்னதான் செய்கிறது? பில் ஸ்கிரீனில் ‘சேமி’ பட்டனைத் தட்டுகிறீர்கள். ப்ரௌசர் ஒரு கோரிக்கையை சர்வருக்கு அனுப்புகிறது. அதில் உள்ள முகவரியைப் பார்த்து, இது பில் பகுதிக்கு வந்தது என்று ஃப்ரேம்வொர்க் பிரித்தறிகிறது. லாகின் செய்தவர்தானா, பில் போட இவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கிறது. அளவு என்ற கட்டத்தில் எண் இருக்கிறதா, தேதி தேதி போல இருக்கிறதா என்று சோதிக்கிறது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் நீங்கள் எழுதிய நிரலைக் கூப்பிடுகிறது: ஸ்டாக் இருக்கிறதா, வரி எவ்வளவு, கடன் வரம்பு தாண்டிவிட்டதா. உங்கள் நிரல் சொன்ன பதிலை, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் வாக்கியங்களாக மாற்றி டேட்டாபேஸுக்கு அனுப்புவதும் அதன் வேலை. பில் ஒரு அட்டவணையில், ஸ்டாக் கழிவு இன்னொன்றில், லெட்ஜர் பதிவு மூன்றாவதில். மூன்றும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுகூட ஏறக் கூடாது. நடுவில் கரண்ட் போனாலும் ஸ்டாக் குறைந்து பில் இல்லாமல் போகக் கூடாது. அந்த உத்தரவாதத்தைத் தருவது டேட்டாபேஸ். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று நாம் குறித்துக் கொடுத்தால், அதை டேட்டாபேஸுக்குச் சொல்வதை ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்கிறது.

யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண லைப்ரரியை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, நாம் வேண்டும்போது கூப்பிடுகிறோம். ஃப்ரேம்வொர்க் நம்மைக் கூப்பிடுகிறது. லைப்ரரி, வாடகைக்கு எடுத்து வரும் அண்டா மாதிரி. சரியில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம். ஃப்ரேம்வொர்க் கல்யாண மண்டபம். மேடை எங்கே, பந்தி எங்கே, அடுப்பு எங்கே என்பதை அதைக் கட்டியவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். நம் வேலை பாதியாகக் குறைகிறது, உண்மைதான். ஆனால் அவர் முடிவுகளையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம், நமக்கே தெரியாமல்.

அப்படி ஒரு முடிவைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஜாங்கோவில் ‘இந்த பில் இந்த வாடிக்கையாளருடையது’ என்று இணைக்க நிரலில் ஒரே வரி போதும். பழைய வெர்ஷன்களில், வேறு எதுவும் சொல்லாமல் அந்த வரியை எழுதினால், வாடிக்கையாளரை நீக்கும்போது அவருடைய பில்களும் கூடவே நீங்கிவிடும். ஜாங்கோ வளர்ந்தது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றின் இணையப் பிரிவில். 2005-இல் பொதுவுக்கு வந்தது. செய்தியை நீக்கினால் அதன் கீழ் உள்ள கருத்துகளும் போகட்டும் என்பது அங்கே நியாயமாகவே இருக்கும். லெட்ஜரில் அது விபரீதம். பாக்கி வைத்திருக்கும் ஆளை ஒருவர் தவறுதலாக நீக்கினால் மூன்று வருட விற்பனையும் கூடவே போகும்.

இந்த வழக்கத்தை அவர்கள் மாற்றிய விதம்தான் எனக்குப் பிடித்தது. 2015 டிசம்பரில் வந்த 1.9 வெர்ஷனில் பழைய நிரல் அப்படியே ஓடியது. எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லி ஓட்டினால் மட்டும், நீக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள், 2.0-இல் இது கட்டாயம் என்று வந்தது. 2017 டிசம்பரில் 2.0 வந்தபோது அதைச் சொல்லாத வரி ஓட மறுத்தது. அதற்கு முந்தைய நீண்டகால வெர்ஷனான 1.11-க்கு 2020 ஏப்ரல் வரை சப்போர்ட் இருந்தது. ஆக, ஒரே ஒரு சின்ன மாற்றத்துக்கு நாலு வருடத்துக்கு மேல் அவகாசம். பில்லுக்கு ‘நீக்க விடாதே’ என்று இன்று எழுதுவது ஒரு சொல்லில் முடிகிற காரியம்.

இதற்கு நேரெதிரான கதை, ப்ரௌசர் ஸ்கிரீன்களை எழுத உதவும் ஆங்குலர்ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க். கூகுளில் இருந்து வந்தது, 2010-இல் வெளியானது. எத்தனையோ நிர்வாக ஸ்கிரீன்கள் அதில் எழுதப்பட்டன. 2014 அக்டோபரில் பாரிஸில் நடந்த மாநாட்டில், இரண்டாம் வெர்ஷன் முழுக்கப் புதிதாக எழுதப்படுகிறது, பழைய நிரல் அதில் ஓடாது என்று தெரிந்தது. 2016 செப்டம்பரில் அது வந்தது. பழையதற்கு 2021 டிசம்பர் 31 வரை சப்போர்ட் கொடுத்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக மாறவும் வழி வைத்தார்கள். அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனாலும் பில் ஸ்கிரீனைத் திரும்ப எழுதும் செலவை யார் தருவார்கள்? எழுதி முடித்தால் முதலாளிக்குக் கிடைப்பது முன்பு இருந்த அதே ஸ்கிரீன். பெரிய கம்பெனி பின்னால் இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ப்ரௌசருக்குள் ஓடிய மைக்ரோசாஃப்ட்டின் சில்வர்லைட்டும் உண்டு: 2007-இல் வந்து, 2021 அக்டோபரில் சப்போர்ட் முடிந்தது.

அப்கிரேடு செய்யாமல் இருந்துவிட்டால் என்ன? ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று எல்லா அலுவலகத்திலும் ஒருவர் கேட்பார். 2017 மார்ச்சில் ஜாவா மொழியின் ஸ்ட்ரட்ஸ் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, திருத்தமும் உடனே வந்தது. மக்களின் கடன் விவரங்களை வைத்திருக்கும் அமெரிக்காவின் எக்விஃபேக்ஸ் நிறுவனம் ஒரு சர்வரில் அதைப் போடாமல் விட்டுவிட்டது. மே மாதம் அதன் வழியாக ஆட்கள் உள்ளே புகுந்தார்கள், சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அங்கே திருத்தமாவது இருந்தது. சப்போர்ட் முடிந்த வெர்ஷனில் இருப்பவருக்கு அதுவும் வராது.

தள்ளிப்போட்டவர்களுக்குச் செலவு எப்படி ஏறும் என்பதற்கு கிட்ஹப் நல்ல உதாரணம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் அது, ரூபி மொழியின் ரூபி ஆன் ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்கில் கட்டப்பட்டது. ரெயில்ஸ் 3.2-இலிருந்து 5.2-க்குப் போக அவர்களுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது, 2018 ஆகஸ்ட்டில் முடிந்தது. ஒரே நிரல் பழைய வெர்ஷனிலும் புது வெர்ஷனிலும் ஓடும்படி வைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டிலும் சோதித்துக்கொண்டே நகர்ந்தார்கள். தேர்ந்த இன்ஜினியர்கள் நிறைந்த இடத்திலேயே இந்தக் கதி. வருடத்துக்கு ஒரு வெர்ஷன் என்று ஏறிக்கொண்டே வந்தால் ஒவ்வொன்றும் சில நாள் வேலையோடு முடிந்துவிடும்.

ஃப்ரேம்வொர்க்கைத் தாண்டி, அது இழுத்து வரும் பரிவாரமும் இருக்கிறது. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் பொதி, வெறும் 11 வரிதான்) அதை எழுதியவர் கோபத்தில் நீக்கிவிட்டார். அவரைக் கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான புராஜெக்ட்டுகள் அன்று கட்டமைக்க முடியாமல் நின்றன. அதனால் என் கணக்கில், முதல் நாள் இன்ஸ்டால் செய்ததும் எத்தனை பேக்கேஜ்கள் வந்து இறங்குகின்றன என்பது முக்கியமான எண். லாகின், அனுமதி, படிவம், டேட்டாபேஸ் மாற்றங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் இருக்கும் ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், ஸ்ப்ரிங் போன்றவை இங்கே முந்துகின்றன. ஸ்கிரீனுக்கும் அதேதான். சர்வரே எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் மொழி) பக்கத்தைத் தயாரித்து அனுப்பும் பழைய முறை நிர்வாக வேலைக்குத் தாராளமாகப் போதும். 1990-களில் எழுதிய எச்டிஎம்எல் படிவம் இன்றைய ப்ரௌசரிலும் திறக்கிறது. ப்ரௌசரிலேயே ஸ்கிரீனைக் கட்டும் புதிய முறையில், 2016-இல் வந்த வியூ 2-க்கு 2023-ஆம் ஆண்டோடு சப்போர்ட் முடிந்துவிட்டது. அதே முறையின் ரியாக்ட் வேண்டவே வேண்டாமா என்றால், உற்பத்தித் திட்டத்தை இழுத்து நகர்த்தும் ஒன்றிரண்டு ஸ்கிரீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளப் பட்டியலுக்கு எதற்கு?

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒருநாள் அதை விட்டுப் போக வேண்டியிருக்கும். அன்று கையில் மிஞ்சுவது டேட்டாவும் வியாபார விதிகளும். எஸ்க்யூஎல் 1970-களில் பிறந்தது, இன்றும் வேலை செய்கிறது. அட்டவணைகளை ஒழுங்காக அமைத்திருந்தால் வேறு எந்த ஃப்ரேம்வொர்க்கும் அதன்மேல் உட்காரும். விதிகள் மாறும் வேகத்தைத்தான் குறைத்து எடைபோடுகிறோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ். 2023 ஆகஸ்ட்டில் அது 5 கோடிக்கு இறங்கியது. அதே 2023 ஏப்ரலிலிருந்து, கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேர் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. 2025 செப்டம்பர் 22-இல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டன.

கடைசியாகச் சொன்னதை எடுத்துக்கொள்வோம். நெய்க்கு 12 சதவீதமாக இருந்த வரி அன்று 5 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் 1,000 ரூபாய் நெய்க்குப் போட்ட பில் 1,120 ரூபாய். வரி விகிதத்தைப் பொருள் பட்டியலில் மட்டும் வைத்து, பில்லைத் திறக்கும்போதெல்லாம் அங்கிருந்து எடுத்துக் கணக்குப் போடும் சாஃப்ட்வேரில், அதே பில் இப்போது 1,050 ரூபாய் என்று அச்சாகும். ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்னோடு ஒத்துப்போகாது. விகிதத்தை ‘எந்தத் தேதியிலிருந்து’ என்ற கட்டத்தோடு தனி அட்டவணையில் வைத்து, பில் போடும் கணத்தில் அந்தப் பில்லிலேயே பொருளுக்குப் பக்கத்தில் பதிந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதை எந்த ஃப்ரேம்வொர்க்கும் நமக்காகச் செய்து தராது. வரியைக் கணக்கிடும் நிரலும் ஃப்ரேம்வொர்க்கின் பெயரே வராத தனி ஃபைலில் இருக்கட்டும். பொருளும் தொகையும் தேதியும் உள்ளே போகும், வரி வெளியே வரும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் புதிதாகக் கட்டத்தான் வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வி. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனத்தின் இஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ இரண்டும் பைத்தானில் எழுதப்பட்ட வியாபார சாஃப்ட்வேர்கள், லெட்ஜரும் ஸ்டாக்கும் தயாராக வருபவை. வழக்கமான கொள்முதல், விற்பனை என்றால் அங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். உங்கள் தொழில் அவர்கள் போட்ட பாதையை விட்டு எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு ஒட்டுப்போடும் வேலை ஒவ்வொரு அப்கிரேடிலும் வரும். அப்புறம் ஆள் விஷயம். கட்டியவர் வேலையை விட்டுப் போனபின் உங்கள் ஊரில் அந்த மொழி தெரிந்தவர் கிடைப்பாரா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.

மனதில் ஒன்றிரண்டு பெயர்கள் தேறியதும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வருடம் பழைய வெர்ஷனை இன்ஸ்டால் செய்யுங்கள். ஜாங்கோ என்றால் 2023-இன் 4.2. அதில் வாடிக்கையாளர், பொருள், பில் என்று மூன்றே அட்டவணைகளோடு ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதி, கொஞ்சம் பில் போட்டு, அப்புறம் 2025-இன் 5.2-க்கு ஏற்றிப் பாருங்கள். நிரலில் எத்தனை வரிகளை மாற்ற வேண்டியிருந்தது, அவற்றில் எத்தனையை எச்சரிக்கை முன்கூட்டியே காட்டியது, எத்தனை உடைந்த பிறகே தெரிந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி எண்ணிக்கை எதில் அதிகமோ அதைக் கழித்துவிடலாம். போவது இரண்டு நாள் வேலைதான்.