சின்னத் தீவு என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள்

போன வாரம் தக்கலையிலிருந்து ஒரு அம்மா, மகனோடு என் டூர் ஆபீசுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஜூலையில் இலங்கைக்குப் போய் வந்த குடும்பம், ஆறு பேர், நாலு நைட். பிளான் போட்டுக் கொடுத்தது நான்தான் என்பதால் வேறு யார்மேலும் பழியைத் தூக்கிப் போட வழியில்லை. "இலங்கை எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். "வேன் நல்லா இருந்துச்சு மக்களே" என்றார்.

கொழும்பு, சிகிரியா, திருகோணமலை, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி. ஏழும் வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றார். "சின்னத் தீவுதானே அண்ணே" என்று செல்போன் மேப்பில் இரண்டு விரலை வைத்து அளந்தும் காட்டினார். இரண்டு தடவை மாட்டேன் என்றேன், மூன்றாவது தடவை தலையாட்டிவிட்டேன். அந்த அம்மா கிளம்பியதே திருகோணமலையில் இருக்கிற சிவன் கோயில் திருக்கோணேஸ்வரத்துக்காக. சம்பந்தர் பதிகத்தைச் சின்ன வயதிலிருந்து பாடி வருகிறவர். காலையில் சிகிரியா, ராத்திரிக்குள் கண்டி என்று வைத்திருந்ததால், இவர்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. திறக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டார்கள்.

இந்த வருஷம் இதே மாதிரி எனக்கு இது ஐந்தாவது குடும்பம். அதனால்தான் எழுதுகிறேன்.

இலங்கை சின்னத் தீவு இல்லை. 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சரிபாதி, நம் குமரி மாவட்டத்தைப் போல 39 மடங்கு. சென்னை, மதுரை, ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம், குற்றாலம் எல்லாம் நாலு நாளில் முடித்துக் கொடு என்று யாராவது என்னிடம் கேட்டால் சிரிப்பீர்கள்தானே? அதையேதான் கேட்கிறீர்கள். சுற்றிலும் கடல் இருப்பதால் இடம் சுருங்கிவிடாது. அப்புறம் கிலோமீட்டரை வைத்து நேரம் கணக்குப் போடாதீர்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பதுகூட இல்லை, முழுக்க மலை வளைவு, அதுவும் அதே அளவுக்கு நேரத்தைத் தின்னும். கண்டியிலிருந்து எல்ல போகிற ரயில், எல்லோரும் வாசலில் தொங்கிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்களே அதுதான், ஆறேழு மணி நேரம் ஓடும். எக்ஸ்பிரஸ்வே இருக்கிற காலி, மாத்தறை பக்கம் மட்டும்தான் நீங்கள் நினைக்கிற வேகத்தில் போகலாம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் புலம்புகிற ஆள்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல். யாழ்ப்பாணத்தையும் அங்கே இருக்கிற நல்லூர் முருகன் கோயிலையும் இதே டூரில் செருகச் சொல்கிறவர்களும் உண்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். அதற்குத் தனியாகப் போய்க்கொள்ளுங்கள்.

நாலு நைட்டுக்கு இரண்டு ஊர், ரொம்ப ஆசைப்பட்டால் மூன்று. அதற்கு மேல் கேட்டால் இனிமேல் நான் செய்வதாக இல்லை.

அடுத்தது, எந்த மாதம் போகலாம் என்ற கேள்வி. இதற்கு ஒரே பதில் கிடையாது. குலசேகரத்தில் மழை கொட்டும்போது அஞ்சுகிராமத்தில் வெயில் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் எதற்கு? அங்கேயும் நடுவில் மலை, இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் கரையும் மலைநாடும் நனையும். அப்போது திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை பக்கம் கடல் அமைதியாகக் கிடக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலி, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ பக்கம் நல்லது. ஆனால் நம் ஆள்கள் பள்ளிக்கூட லீவு என்று மே மாதத்தில் ஹிக்கடுவவில் ரூம் போட்டுவிட்டு, கடல் சீறுகிறது என்று எனக்கு போன் போடுகிறார்கள். தக்கலை குடும்பமும் ஜூலையில் நுவரெலியாவில் பார்த்தது பனிமூட்டத்தைத்தான். நவம்பர் கடைசியில் மலைநாட்டுக்குப் போகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2017-ல் ஒக்கி புயல் உருவானதும் அந்தத் தீவுக்குப் பக்கத்தில், அதே நவம்பர் கடைசியில்தான். நமக்கு அதை மறக்க முடியுமா?

சிவனொளிபாத மலை ஏறுகிற சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. மற்ற மாதங்களில் ராத்திரி வழி நெடுக விளக்கு இருக்காது, 2,243 மீட்டர் மலை அது. சிகிரியா பாறைக் கோட்டையில் சுமார் 1,200 படி. நம்மூர் மருந்துவாழ் மலை ஏறியிருக்கிறேன் என்று மார்தட்டும் மாமாக்களே, பாறையோடு ஒட்டிய இரும்புப் படியில் பாதியில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் நிற்பார்கள். குளவிக் கூடு இருப்பதால் சத்தம் போடாதே என்று அங்கே போர்டு வைத்திருப்பது அழகுக்கு இல்லை. டிக்கெட் கவுண்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், இந்தியாவும் சேர்ந்த சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. இதைத் தெரியாமல் முழுக் காசு கட்டிவிட்டு வந்து என்னைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள்.

கோயில் விஷயம் கொஞ்சம் கவனம். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், சுசீந்திரத்துக்குப் போகிற நமக்கு அது பழக்கம். புத்தரின் பல்லை வைத்திருக்கிற கண்டி தலதா மாளிகையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை, போலீஸ் வரைக்கும் போகும். கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருக்கிற தம்பிகள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பௌர்ணமி நாளை அங்கே போயா என்பார்கள், அன்றைக்கு மதுக்கடை திறக்காது, இறைச்சியும் விற்க மாட்டார்கள். டிரைவரிடம் போய் எங்கேயாவது கிடைக்குமா என்று நச்சரிக்காதீர்கள், பாவம் அவர்.

அந்த அம்மா வந்தது மறுபடி டிக்கெட் போடத்தான். அடுத்த மே, திருகோணமலை மட்டும், நாலு நைட். கோயிலுக்குப் பக்கத்திலேயே ரூம் பார்த்திருக்கிறேன். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா திரும்பிப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் வரும்போது பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கூட வருகிற பெரியவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் வண்டியில் உட்காருவார், படி ஏறுவாரா என்பதை வீட்டிலேயே அவரிடம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.