திரை: தோலில் எழும் அலை

பினாங்கு லெபோ பாசாரில் சித்தியோடு மளிகை வாங்கப் போயிருந்தேன். பக்கத்து மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒரு கிரீம் விளம்பரம்: முகத்துக் 'கெடுத்தான்' மறையுமாம். தோல் சுருக்கத்துக்கு மலாய்ச் சொல் அது. சித்திக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனாலும், “யாருடா யாரைக் கெடுத்தான்?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அப்புறம், “நம்ம பாஷையில சுருக்கம்தானே?” என்றார்.

சுருக்கம்தான். ஆனால் அதைவிடப் பொருத்தமான பழைய சொல் ஒன்று இருக்கிறது: திரை.

'நரை திரை' என்கிறோமே, அந்தத் திரை. திரைதல் என்றால் மடிப்பு மடிப்பாக எழுவது, சுருண்டு கூடுவது. கடல்நீர் அப்படி எழுந்தால் திரை, அதாவது அலை. கயிற்றை இழுத்ததும் கொசுவிக்கொள்கிற துணியும் திரை. வயதான தோலில் விழும் மடிப்பும் திரை. திரைகடலோடி இந்தத் தீவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது சினிமாத் திரை ஒன்றுதான் மிச்சம்!

திரங்குதல் என்றும் ஒரு சொல் உண்டு: வற்றிச் சுருங்குவது. காய்ந்து தோல் சுருங்கிய மிளகுக்கு நாட்டு மருந்தில் 'திரங்கல்' என்றே பெயர்.

சரி, சுருக்கம் என்ற சொல்லில் என்ன குறை? சுருங்குவது என்றால் அளவில் சிறுத்துப்போவது. வயதான தோலில் நடப்பது அதுவல்ல. மேல்தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற புரத இழைகள் சாரம் கட்டியதுபோல் தோலைத் தாங்குகின்றன. தோலின் உலர் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான். எலாஸ்டின் இழைகள் ரப்பர்போல் அதை இழுத்துப் பிடிக்கின்றன. வயதாக ஆக இரண்டும் குறைகின்றன, அடியிலுள்ள கொழுப்பும் கரைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளிலேயே தோலின் கொலாஜனில் சுமார் 30 விழுக்காடு போய்விடுகிறது. தாங்கல் போனதும் தோல் தொய்ந்து மடிகிறது, திரைச்சீலை மாதிரியே. தண்ணீரில் ஊறிய விரல்நுனிக்கு வேண்டுமானால் சுருக்கம் என்பது சரி. அங்கே நரம்பின் கட்டளையால் ரத்தக்குழாய்கள் உண்மையிலேயே சுருங்குகின்றன.

வயதோடு சிகரெட்டும் சேர்ந்தால் இது விரைவாகும். ஆனால் பெரிய எதிரி வெயில்தான். அதன் புற ஊதா ஏ கதிர் சன்னல் கண்ணாடியையும் கடந்து அடித்தோல்வரை இறங்கி, கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. 28 ஆண்டு லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படத்தை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழ் 2012இல் வெளியிட்டது. சன்னல் பக்கமிருந்த இடது கன்னம் முழுக்கத் திரை. வலது கன்னம் அவ்வளவு மோசமில்லை. நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், அதனால் இங்கே கன்னம் மாறும். நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கில் இருக்கும் பினாங்கில் வெயிலுக்கு ஓய்வு மாதம் என்று எதுவும் கிடையாது.

டப்பாவில் 'திரைநீக்கி' என்று அச்சடித்தால் சன்னல் துணியைக் கழற்றும் கருவி என்று நினைத்துவிடுவார்கள். விளம்பரத்தில் சுருக்கமே இருந்துவிட்டுப் போகட்டும்; வயதைப் பற்றி எழுதும்போது திரை என்றே எழுதலாம். சன்ஸ்கிரீனுக்கு 'வெயில்திரை' பொருந்தும் என்று சித்தியிடம் சொன்னேன்.

“திரை விழாம இருக்கத் திரை பூசணுமா?” என்றபடி அவர் குடையை விரித்தார்.