'இங்கே' என்று எழுதிய முகவரி

192.168.10.25-ஐத் தேடிப் போன புரோகிராம், 127.0.1.1-இல் யாரும் பதில் சொல்லவில்லை என்று திரும்பி வந்தது. அந்த இரண்டாவது எண்ணை நாங்கள் எங்கேயும் எழுதவே இல்லை.

ஒரு கோடவுனின் சரக்குக் கணக்கு அது. மேசைக் கணினியில் கேள்வி கேட்கும் ஜாவா கிளையன்ட், சர்வர் அறையில் உபுண்டு லினக்ஸ் மேல் ஓடும் கிளாஸ்ஃபிஷ் என்ற ஜாவா சர்வர் மென்பொருள், நடுவே ஒரே ஒரு சுவிட்ச். கிளையன்ட்டைச் சர்வர் கணினியிலேயே ஓட்டினால் வேலை செய்தது. பக்கத்து அறையிலிருந்து ஓட்டினால் செய்யவில்லை. பிங் போனது. கிளாஸ்ஃபிஷின் வாசலான 3700 போர்ட்டுக்கு டெல்நெட் அடித்தால் இணைந்தது. ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவர் "என் பக்கம் எதுவும் தடுக்கலை சார்" என்று கையை விரித்தார். நம்பாமல் அவரை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டு நச்சரித்தோம். அவர் சொன்னதுதான் சரி. தோற்றுப்போன அந்த இணைப்பின் பாக்கெட் எங்கள் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை.

ஏன் என்று புரிய, பெயரைச் சொல்லி வேறு கணினியில் உள்ள பொருளைத் தேடி எடுப்பதை 'லுக்கப்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அந்தக் காரியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1998-இல் என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் (சுருக்கமாக இ.ஜே.பி.) வந்தபோது அது கொடுத்த வாக்குறுதி பெரியது. வேறொரு கணினியில் இருக்கும் பொருளின், அதாவது பீனின், மெத்தடை, நம் கணினியில் இருப்பதைப் போலவே கூப்பிடலாம். கூப்பிட முதலில் அந்தப் பொருள் கைக்கு வர வேண்டுமே? அதற்குத்தான் ஜே.என்.டி.ஐ. என்ற பெயரேடு. பெயரைக் கொடுத்தால் பொருளைத் தரும் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். உண்மையில் வருவது பொருள் அல்ல, அதன் பினாமி. ஸ்டப் என்பார்கள். அதற்குள் கணக்கும் கிடையாது, தரவும் கிடையாது. அசல் பீன் இருக்கும் கணினியின் முகவரி, போர்ட், அங்கே அந்தப் பொருளுக்கு உள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்றுதான் அதன் சொத்து.

ஆக, பயணம் இரண்டு கட்டம். முதலில் நாம் கொடுத்த முகவரிக்குப் போய்ச் சீட்டை வாங்குகிறோம். அடுத்து, சீட்டில் இருக்கும் முகவரிக்குப் போகிறோம். முதல் முகவரி நம்முடையது. இரண்டாவது சர்வர் எழுதிக் கொடுத்தது. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்பது வெறும் நம்பிக்கைதான். கிளாஸ்ஃபிஷ் கிளையன்ட்டில் சர்வர் முகவரியைக் கொடுக்கும் அமைப்பின் பெயரே 'ஓ.ஆர்.பி. இனிஷியல் ஹோஸ்ட்'. முதலில் எங்கே போய்க் கேட்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது என்று பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த 'இனிஷியல்' நான் பல வருடம் பார்த்தும் படிக்காத சொல்.

சரி, சர்வருக்குத் தன் முகவரி எப்படித் தெரியும்? இயங்குதளத்திடம் கேட்கும்: என் பெயர் என்ன, அந்தப் பெயருக்கு ஐ.பி. எண் என்ன? டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் நிறுவப்படும்போது ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியைத் தாமாகவே எழுதிவைக்கும். கணினியின் பெயர் ஒரு பக்கம், 127.0.1.1 மறுபக்கம். நெட்வொர்க் இல்லாத நேரத்திலும் கணினியின் பெயருக்கு ஒரு முகவரி கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆனால் 127 என்று தொடங்கும் ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் முகவரிகளுக்கும் ஒரே பொருள்: 'நானே'.

கல்யாண மண்டபத்தில் தொலைந்துபோன பெரியப்பாவுக்கு போன் போட்டு "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "இங்கதாம்ப்பா இருக்கேன்" என்பாரே, அதே கதை. சொல்பவருக்கு அது முழு உண்மை. கேட்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு தன் காலடியில் தேடினால் யாரைக் கண்டுபிடிப்பார்? எங்கள் கிளையன்ட் அதைத்தான் செய்தது. 192.168.10.25-க்குப் போனது, 'இங்கே' என்று எழுதிய சீட்டை வாங்கியது, தன் கணினிக்குள்ளேயே கதவைத் தட்டியது. அங்கே யாரும் இல்லை.

சர்வரில் ஹோஸ்ட்நேம் கட்டளையோடு சிறிய 'ஐ' சேர்த்து அடித்திருந்தால் இரண்டு நொடியில் 127.0.1.1 என்று காட்டியிருக்கும். நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த வரியை 192.168.10.25 என்று மாற்றி, சர்வரை நிறுத்தி எழுப்பியதும் சரக்குப் பட்டியல் வந்து விழுந்தது.

இது கிளாஸ்ஃபிஷுக்கு மட்டும் வரும் கோளாறு இல்லை. ஜாவாவின் அடிப்படைத் தொலை அழைப்பு முறையான வெறும் ஆர்.எம்.ஐ.யிலும் இதே சீட்டு, இதே குழப்பம். சீட்டில் என்ன எழுத வேண்டும் என்று சர்வருக்குச் சொல்ல 'ஜாவா.ஆர்.எம்.ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்' என்ற அமைப்பு இருக்கிறது. சர்வரை டாக்கருக்குள், அதாவது தனி நெட்வொர்க் கொண்ட கன்டெய்னருக்குள், வைத்தால் நோய் வேறு வேஷம் போட்டு வரும்: சீட்டில் 172.17 என்று தொடங்கும் கன்டெய்னரின் உள்முகவரி. வெளியே இருப்பவருக்கு அந்தத் தெருவே கிடையாது.

ஆனால் வைல்டுஃபிளை என்று இப்போது அழைக்கப்படும் ஜேபாஸ் என்ற இன்னொரு ஜாவா சர்வர் பக்கம் போனால் கதை தலைகீழ். 2012-இல் வந்த ஜேபாஸ் 7.1-இலிருந்து, 'இ.ஜே.பி.' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்துத் தொடங்கும் பெயரை லுக்கப் செய்தால், அழைப்புகளுக்கு இடையே எதையும் நினைவில் வைக்காத சாதாரண ஸ்டேட்லெஸ் பீனுக்கு கிளையன்ட் சர்வரிடம் பேசுவதே இல்லை. கொடுத்த பெயரை வைத்து உள்ளூரிலேயே ஒரு பினாமியைச் செய்து கையில் கொடுத்துவிடும். பெயர் தப்பாக இருந்தாலும் லுக்கப் 'வெற்றி'. சர்வரே அணைந்து கிடந்தாலும் வெற்றிதான். முதல் மெத்தடைக் கூப்பிடும்போதுதான், இதை ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை என்ற பொருளில் பிழை வரும். லுக்கப் வரியைத் தாண்டிவிட்டதே, பெயர் சரிதான் போல என்று நினைத்து மெத்தடுக்குள் பிழை தேடி இரவெல்லாம் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். தேடல் என்று பெயர் வைத்துவிட்டுத் தேடாமல் இருப்பது எனக்கு இன்றும் உறுத்தும் வடிவமைப்பு. வேகம் கிடைக்கிறது என்பது உண்மைதான் என்றாலும்.

அந்தப் பெயரும் லேசில் அமையாது. ஆப்பின் பெயர், மாட்யூலின் பெயர், பீனின் பெயர், வியப்புக்குறி, பிறகு இன்டர்ஃபேஸின் முழுப்பெயர். பல மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டும் இ.ஏ.ஆர். கோப்பு இல்லாமல் வெறும் ஜாராகவோ வாராகவோ நிறுவியிருந்தால் ஆப்பின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஆனாலும் சாய்கோட்டை விட்டுவிடக் கூடாது. மாட்யூலின் பெயர் கோப்பின் பெயரிலிருந்து வருகிறது என்பதால், யாராவது நல்ல பழக்கமாக ஜார் கோப்பின் பெயரில் 1.0.3 என்று பதிப்பு எண்ணைச் சேர்த்தால் அன்றைக்கு எல்லா கிளையன்ட்டும் படுத்துவிடும்.

இந்தச் சர்வர்களுக்கான பொதுத் தரத்தின் பதிப்பாக 2009 டிசம்பரில் வந்த ஜாவா இ.இ. 6, 'ஜாவா:குளோபல்' என்று தொடங்கும் பொதுப் பெயர்களைக் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பெயர் வழக்கம். குளோபல் என்ற சொல்லைப் பார்த்து உலகம் முழுக்கச் செல்லும் என்று நினைப்பது இயல்பு. அது சர்வருக்கு உள்ளே இருக்கும் ஆப்களுக்குத்தான் குளோபல். வைல்டுஃபிளையில் வெளியாளுக்குக் காட்டப்படுவது 'ஜாவா:ஜேபாஸ்/எக்ஸ்போர்ட்டட்' என்ற பகுதி மட்டும். ஆப் ஏறும்போது சர்வர் தன் லாகில் ஒவ்வொரு பீனுக்கும் உள்ள எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதும். கையால் தட்டச்சு செய்யாமல் அங்கிருந்து வெட்டி ஒட்டுவதே உத்தமம்.

கடவுச்சொல் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கிளையன்ட்டும் வைல்டுஃபிளையும் ஒரே கணினியில் இருந்தால் பெயர், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். சர்வர் தன் தற்காலிக அடைவில் ஒரு ரகசியக் கோப்பை எழுதும். கிளையன்ட் அதைப் படித்துக் காட்டினால், நம் வீட்டுப் பிள்ளைதான் என்று ஒப்புக்கொள்ளும். வேறு கணினியிலிருந்து அந்தக் கோப்பை எப்படிப் படிப்பது? அதனால் டெவலப்பர் மேசையில் ஓடிய அதே நிரல், வாடிக்கையாளர் இடத்தில் அனுமதி மறுப்பில் முட்டி நிற்கும். தனியாக ஒரு பயனரைச் சேர்த்தாக வேண்டும்.

போர்ட் எண்கள் தனிக் கூத்து. பழைய ஜேபாஸுக்கு 1099, ஜேபாஸ் 7-க்கு 4447, 2014-இல் வைல்டுஃபிளை 8 வந்ததும் எல்லாம் 8080 வழியே. வேறு ஜாவா சர்வர்களில்: வெப்லாஜிக்கில் 7001, வெப்ஸ்பியரில் 2809. பழைய எடுத்துக்காட்டு நிரலை நகலெடுப்பவர்கள் பாதிப்பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஜார் கோப்புகளும் அப்படியே: கிளாஸ்ஃபிஷின் கிளையன்ட் ஜாரை மட்டும் தனியே பிய்த்துக்கொண்டு வந்தால் வேலை செய்யாது, ஏனென்றால் அது பக்கத்து அடைவுகளில் உள்ள மற்ற ஜார்களைச் சுட்டிக்காட்டும் பட்டியல் மாதிரிதான். 2020-இல் ஜாவா இ.இ.யின் வாரிசான ஜகார்த்தா இ.இ. 9 வந்தபோது பீன்களின் பேக்கேஜ் பெயர் 'ஜாவாஎக்ஸ்' என்பதிலிருந்து 'ஜகார்த்தா' ஆனது, ஜே.என்.டி.ஐ. மட்டும் ஜாவாவோடு சேர்ந்தது என்பதால் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றியவர்களுக்கு அதிலும் ஒரு அடி.

2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய, லாக்4ஜே என்ற ஜாவா லாக் நூலகத்தின் ஓட்டை இதே ஜே.என்.டி.ஐ. வழியாகத்தான் நுழைந்தது. பெயர் கேட்கும் இடத்தில், முன்னொட்டோடு கூடிய ஒரு முழு முகவரியையே கொடுத்தாலும் அது ஏற்றுக்கொண்டு அங்கே போகும். 'இ.ஜே.பி.' முன்னொட்டு வேலை செய்வதும் அந்த வசதியால்தான். சீட்டில் யார் என்ன எழுதினாலும் நம்பிப் போவது அதன் பிறவிக் குணம்.

இப்போதெல்லாம் யாராவது "ரிமோட் லுக்கப் போகலை" என்று கூப்பிட்டால் நான் முதலில் நிரலைக் கேட்பதில்லை. பிழைச் செய்தியின் அடிவரை இறங்கி, அதில் எந்த ஐ.பி., எந்த போர்ட் என்று படிக்கச் சொல்வேன். அவர்கள் கொடுக்காத எண் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கோடவுன்காரர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். நெட்வொர்க்கை மாற்றி, சர்வருக்குப் புது எண் கொடுத்து, கிளையன்ட்டிலும் அதையே போட்டிருக்கிறார்கள், வேலை செய்யவில்லை. பிழையைப் படிக்கச் சொன்னேன். "192.168.10.25-னு வருது சார், அது பழைய நம்பராச்சே, நாங்க எங்கயும் போடலையே" என்றார் கூப்பிட்டவர். போட்டது நான்தான், ஹோஸ்ட்ஸ் கோப்பில்.