பிழைத்த புழுவை நம்பாதீர்கள்

பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி வளர்ப்புக் கூண்டில் புழுக்கள் கறுத்துக் குழைந்து, தலைகீழாகத் தொங்கிச் செத்தால் வைரஸ் என்று சட்டெனத் தெரிந்துவிடும். செத்ததை எறிந்துவிட்டு, மிஞ்சியதிலிருந்து அடுத்த தலைமுறை எடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

இப்படிக் கொல்லும் என்.பி.வி. (நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ்) வைரஸின் புரத உறை, புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து கிருமியை வெளியே விடும். இளம் புழுவைக் கொல்ல மிகச் சில உறைகள் போதும். கடைசிப் பருவப் புழுவுக்குப் பன்மடங்கு வேண்டும். தொற்றிய குடல் செல்கள் தோலுரிப்பின்போது உதிர்ந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம். அப்படித் தப்பிய புழுவின் வளர்ச்சி சில நாள் பிந்தலாம், கூட்டுப்புழுவின் எடை குறையலாம். எடை குறைந்த பெண் பூச்சி முட்டையும் குறைவாகவே இடும். அதிலும் பொரியாதவை கூடும். அதனால் சாவுக்கணக்கு மட்டும் போதாது. கூட்டுப்புழுக்களை ஒரே வயதில், ஆண் பெண் பிரித்து எடை போட்டுத் தலைமுறைதோறும் குறித்து வையுங்கள். சிறகுக் கோணலை மட்டும் வைத்து வைரஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். ஈரப்பதம் குறைந்தாலும் சிறகு சுருங்கும்.

சைப்போவைரஸ் என்னும் இன்னொரு வகை இன்னும் மெதுவானது. குடலோடு நின்றுவிடும். புழு சிறுத்தே இருக்கும், எச்சம் வெளுத்து இளகும். அறுத்துப் பார்த்தால் நடுக்குடல் பால்போல் வெளுத்திருக்கும்.

சந்தேகம் வந்தால் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரோடு நசுக்கி 400 மடங்கில் பாருங்கள். பளிச்சிடும் மணிகள் வைரஸ் உறைகளாகவும் இருக்கலாம், கொழுப்புத் துளிகளாகவும் இருக்கலாம். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் உறைகள் கரைந்து மறையும், கொழுப்பு அப்படியே நிற்கும். எதுவும் தெரியவில்லை என்பதற்காகத் தொற்றே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உறையே உருவாகாமல் பதுங்கியிருக்கும் வைரஸை பி.சி.ஆர். என்னும் மரபணுச் சோதனைதான் காட்டும். நெரிசல், வெப்ப மாற்றம், உணவு மாற்றம் என ஏதாவது நேர்ந்தால் அது கிளர்ந்தெழக்கூடும். வெளியிலிருந்து ஒரு பூச்சிகூடச் சேர்க்காத கூட்டம் திடீரென்று சரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முட்டைகளை 0.2% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஐந்து நிமிடம் நனைத்து, ஓடும் நீரில் நன்றாக அலசலாம். 5% பிளீச் என்றால் ஒரு பங்குக்கு 24 பங்கு நீர். ஓடு மெல்லிய இனமானால் முதலில் சில முட்டைகளில் மட்டும் செய்து பாருங்கள். கரைசலின் அடர்த்தி கூடினால் ஓடே அரித்துவிடும். இந்தக் கழுவல் மேற்பரப்பில் ஒட்டிய வைரஸை மட்டுமே நீக்கும். தாயிடமிருந்து முட்டைக்குள் போனதை எந்தக் கழுவலும் தொடாது. ஆகவே ஒவ்வொரு பெண் பூச்சியின் முட்டையையும் தனித்தனியாக வைத்து, முட்டையிட்டு முடிந்ததும் தாயைச் சோதித்து, தொற்றிருந்தால் அந்தக் குடும்பத்தையே அழித்துவிடுங்கள். பட்டுப்புழுவின் பெப்ரின் நோய்க்கு 1860களில் லூயி பாஸ்டர் கையாண்ட முறையும் இதுதான். அது வைரஸ் அல்ல, ஆனாலும் தர்க்கம் ஒன்றே.

தொற்றுக் கூட்டத்தில் பிழைத்த பட்டாம்பூச்சிகளை வெளியில் பறக்க விடாதீர்கள். கூண்டு, தட்டுகளை முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே பிளீச்சில் ஊறவிட வேண்டும். எச்சம் ஒட்டியிருந்தால் அதுவே குளோரினைத் தின்று தீர்த்துவிடும்.