இடைமுகம்: துறைமுகத்தில் இருக்கும் முகம்

இன்டர்ஃபேஸ் என்ற சொல்லுக்குத் தமிழில் இடைமுகம் என்கிறோம். கைப்பேசி, இணையதளம் பற்றிப் பேசும்போது இது இப்போது சரளமாக வருகிறது. அந்தப் பழக்கத்தில் ஒரு குழப்பமும் ஒட்டிக்கொண்டது. திரையில் தெரியும் பொத்தான்களும் பட்டியல்களும்தான் இடைமுகம், அதாவது கருவியின் முகம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆய்வுக்கூட மேசையில் இருக்கும் ஒரு மல்டிமீட்டரை, அதாவது மின்னழுத்தம், மின்னோட்டம் போன்றவற்றை அளக்கும் கருவியை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கையேட்டில் ‘இன்டர்ஃபேஸ்’ என்ற அத்தியாயத்தைத் திறந்துவிட்டு முன்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. கருவியைத் திருப்பி வைக்க வேண்டும்.

பின்பக்கத்தில் 24 முனைகள் கொண்ட அகலமான ஓர் இணைப்பான் இருக்கும். இரண்டு ஓரங்களிலும் திருகு மாட்ட இடம் இருக்கும். மெட்ரிக் அளவுத் திருகு கறுப்பு நிறத்திலும் பழைய அங்குல அளவுத் திருகு வெள்ளி நிறத்திலும் வரும். இரண்டையும் மாற்றிப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பழைய கருவி என்றால் பக்கத்திலேயே ஐந்து குட்டி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றின் மதிப்பு 16, 8, 4, 2, 1. கருவிக்கு 22 என்ற முகவரி வேண்டுமென்றால் 16, 4, 2 ஆகிய மூன்றையும் மேலே தள்ள வேண்டும். இந்த இணைப்பான், இந்த சுவிட்சுகள், இவற்றுக்கு உள்ளே இருக்கும் சில சில்லுகள், எல்லாம் சேர்ந்ததுதான் இடைமுகச் சுற்று. கணினி சொல்வதைக் கருவிக்கும் கருவி அளந்ததைக் கணினிக்கும் கொண்டுபோகும் பகுதி இது.

1960களின் பிற்பகுதி வரை இதில் ஒழுங்கே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு விதமாக வயர் இழுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஹியூலெட்-பாக்கார்ட் நிறுவனம் தன் கருவிகளுக்காக ஒரு பொது முறையை உருவாக்கியது. 1975இல் அது மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 488 என்ற தரநிலையானது. ஜி.பி.ஐ.பி. என்று பொதுவாக அழைக்கப்படுவதும் இதுதான். தமிழில் பொதுப்பயன் இடைமுகப் பாட்டை எனலாம்.

பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் கம்பித் தொகுப்புதான் பஸ். அதற்குப் பாட்டை என்று கலைச்சொல் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு ‘எல்லோருக்கும்’ என்று பொருள். ஊர்வண்டிக்கு வைத்த அந்தப் பெயரின் வால் மட்டும் அறுந்து, மின்வாரியத்தில் பல இணைப்புகளுக்கு மின்சாரம் பகிரும் உலோகப் பட்டையான பஸ்பார் ஆகி, கணினிக்குள் பஸ் ஆனது. அதைப் பேருந்து என்று பெயர்த்திருந்தால் பொருள் கெட்டிருக்கும். ராஜபாட்டையில் நமக்குத் தெரிந்த பாட்டை, எல்லோரும் நடக்கும் பெருவழி, இங்கே அப்படியே பொருந்துகிறது. கணினியையும் சேர்த்து அதிகபட்சம் 15 கருவிகள் ஒரே கம்பிகளில் தொங்கலாம். கேபிளின் மொத்த நீளம் 20 மீட்டரைத் தாண்டக் கூடாது.

சரி, அந்தப் பாட்டையில் என்ன நடக்கிறது? 24 முனைகளில் 16 மட்டுமே சமிக்ஞைக்கு. மற்றவை புவி இணைப்பும் காப்புறையும். 16இல் எட்டு, தரவுக்கு. ஐந்து, நிர்வாகத்துக்கு. மீதி மூன்றுதான் இந்த வடிவமைப்பின் உயிர். ஒன்று, ‘தரவு தயார்’ என்று அனுப்புபவர் சொல்லும் கம்பி. மற்ற இரண்டும் கேட்பவர்களுடையவை: ‘இன்னும் நான் தயாரில்லை’, ‘இன்னும் நான் வாங்கிக்கொள்ளவில்லை’. கேட்கும் கருவிகளில் ஏதாவது ஒன்று பிடித்திருந்தாலும் அந்தக் கம்பியின் மின்னழுத்தம் கீழேயே கிடக்கும். எல்லோரும் விட்டால்தான் மேலே எழும். கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் இலையை மடிக்காமல் காத்திருப்பார்கள் அல்லவா, அதே ஒழுக்கம். வேகமான கருவி மெதுவான கருவிக்காக நிற்கும். அதனால் ஒரு எழுத்துக்கூட வழியில் தொலையாது. இதற்காகவே தனிச் சில்லுகள் வந்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் 9914, என்.இ.சி.யின் 7210 ஆகியவை பேச்சு ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும். 75160, 75161 எண்ணுள்ள சில்லுகள் கம்பியை ஓட்டும் பலத்தைக் கொடுக்கும். பழைய கருவியின் பின்பலகையைக் கழற்றினால் இணைப்பானுக்கு நேர் பின்னாலேயே இந்த எண்களைப் படிக்கலாம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். இன்டர் என்றால் இடையில். ஃபேஸ் என்பது லத்தீன் ஃபாகியஸிலிருந்து வந்தது, முகம், மேற்பரப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில இயற்பியலில் இந்தச் சொல் வந்தபோது கணினியும் இல்லை, திரையும் இல்லை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு பகுதிகளைப் பிரிக்கும் பரப்புக்கு அந்தப் பெயர். தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரிகிறதே, அது. மனித முகம் அந்தச் சொல்லில் எப்போதுமே இருந்ததில்லை.

தமிழ் முகத்திலும் மூக்கும் வாயும் மட்டும் இல்லை. துறைமுகம் என்கிறோம், ஆறு கடலில் சேரும் இடத்தை முகத்துவாரம் என்கிறோம். அங்கெல்லாம் முகம் என்றால் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் வாசல். இடைமுகத்தில் இருப்பதும் அந்த முகம்தான். இப்படிப் படித்தால் சொல் தெளிவாகிவிடுகிறது: இரண்டுக்கும் இடையிலான வாசல். சிலர் இடைமுகப்பு என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக்கு முகப்பு என்றால் தெருவைப் பார்த்த முன்பக்கம். கருவியின் முன்பலகைக்கு முகப்புப் பலகை என்ற நல்ல பெயரை விட்டுவைத்தால் குழப்பம் வராது. குமிழும் பொத்தானும் முகப்பில், கேபிள் இடைமுகத்தில்.

ரிமோட் என்ற சொல்லில்தான் எனக்கு உண்மையான தயக்கம். தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தொலையியக்கி பொருந்தும். சோதனைக் கருவியில் ரிமோட் என்பது தூரத்தைச் சொல்லவில்லை. கணினி அதே மேசையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. கட்டளை யாரிடமிருந்து வருகிறது என்பதே கேள்வி. முகப்பிலிருந்து வந்தால் லோக்கல், கேபிள் வழியாக வந்தால் ரிமோட். கணினி ஒரு நிர்வாகக் கம்பியை இயக்கி, கருவியை அதன் முகவரியில் கூப்பிட்டதும், முகப்பில் சின்ன எழுத்தில் ரிமோட் என்று ஒளிரும். அதன்பின் குமிழைத் திருப்பினாலும் பொத்தானை அழுத்தினாலும் எதுவும் நடக்காது. பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இதைப் பார்த்துக் கருவி பழுதாகிவிட்டது என்று பதறி வருவார்கள். லோக்கல் பொத்தானை ஒருமுறை அழுத்தச் சொல்வேன். அப்போதும் அசையவில்லை என்றால் கணினி அந்தப் பொத்தானையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறது என்று பொருள். தொலைக்கட்டுப்பாடு என்ற சொல்லை வைத்து இதை விளக்க முடிவதில்லை. புறக்கட்டுப்பாடு, முகப்புக் கட்டுப்பாடு என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். என் பாடக் குறிப்புகளில் இந்த இரண்டையே எழுதி வருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல மல்டிமீட்டரில் அளக்கும் பகுதி புவியோடு இணைந்திருக்காது. அளக்கும் சுற்று எந்த மின்னழுத்தத்தில் இருக்கிறதோ அதோடு சேர்ந்து அதுவும் மிதக்கும். சில நூறு வோல்ட் மேலே போனாலும் போகலாம். கணினியின் உடலோ புவியில் ஊன்றி நிற்கிறது. இரண்டையும் கம்பியால் சேர்த்தால் அளவீடு கெடும், ஆளுக்கும் ஆபத்து. அதனால் நடுவில் ஒளிப்பிணைப்பி வைக்கிறார்கள். ஒரு பக்கம் சிறு எல்.இ.டி., எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் டிரான்சிஸ்டர், நடுவே மின்காப்பு. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டுவதில்லை. மினுக்கும் ஒளி மட்டும் செய்தியோடு தாண்டுகிறது. எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பழைய கோடு, பச்சை மின்சுற்றுப் பலகையில் ஆறு கால் சில்லு ஒன்றுக்கு அடியில், தாமிரத் தடமே இல்லாத ஒரு வெற்றுப் பட்டையாகக் கண்ணுக்குத் தெரிகிறது.