ஸ்டியரிங் லேசாகும் அந்த ஒரு நொடி

1958-ல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டின் எஞ்சின் வெறும் 948 சிசி, 43 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட இருபது விநாடிக்கு மேல் ஆகும். இன்றைக்கு ரோட்டில் போகிற எந்தச் சின்ன காரும் அதைத் தாண்டிப் போய்விடும். டிக்கியை வெளியிலிருந்து திறக்க வழி கிடையாது, சீட்டைச் சாய்த்து உள்ளே கையைவிட்டுத்தான் பெட்டியைத் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை அறுபது வருஷம் கழித்தும் ஆசையாகப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். பழைய பொருள் மீதான பாசம் என்று சொல்லிவிடலாம்தான், ஆனால் அது பாதிக் காரணம்கூட இல்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓட்டுகிறவரோடு பேசுகின்றன, அந்தப் பேச்சுக்குப் பின்னால் சுத்தமான இயற்பியல் இருக்கிறது.

ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கிராமத்துச் சாலை, இரண்டு பக்கமும் ஆளுயர வேலிச்செடி, ராத்திரி பெய்த மழையில் ஓரம் இன்னும் காயவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கியதும் அது கைக்கு எதிராக மெல்லத் தள்ளுகிறது, இன்னும் திருப்பினால் இன்னும் கனக்கிறது. முன்சக்கரம் அந்த ஈரத்தில் ஏறுகிற நேரத்தில் கையில் இருந்த கனம் சட்டென்று கொஞ்சம் குறைகிறது. வண்டி இன்னும் வழுக்கவில்லை, போக நினைத்த கோட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் கைக்குச் சேதி வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரில் இருந்த காலைக் கொஞ்சம் தளர்த்தினால் கனம் திரும்பி வருகிறது.

இந்தச் சேதி எங்கிருந்து வருகிறது? டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வளைவில் போகும்போது சக்கரம் பார்க்கிற திசையும் அது உண்மையில் நகர்கிற திசையும் ஒன்றாக இருப்பதில்லை, சில டிகிரி வித்தியாசம் இருக்கும், இதை நழுவு கோணம் என்று வைத்துக்கொள்ளலாம். டயர் உருள உருள ரப்பரின் ஒவ்வொரு துண்டும் அந்த உள்ளங்கையின் முன் விளிம்பில் தரையைப் பிடிக்கிறது, பின் விளிம்பில் விடுகிறது. பிடித்த நேரத்தில் அது நேராகத்தான் இருக்கும், ஆனால் டயர் ஒரு பக்கம் போக, தரை இன்னொரு பக்கம் இழுக்க, பின்னால் போகப்போக அது பக்கவாட்டில் இழுபடுகிறது. முன் விளிம்பில் இழுவிசை ஏதும் இல்லை, பின் விளிம்பை நெருங்க நெருங்க அதிகம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே புள்ளியில் வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி நடுவில் விழாது, சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளி விழும்.

அந்தச் சில சென்டிமீட்டர்தான் எல்லாம். கீலிலிருந்து தள்ளிக் கையை வைத்தால் கதவு சுலபமாகத் திரும்புகிறதே, அது மாதிரி சக்கரத்தின் நடுவிலிருந்து பின்னால் தள்ளி விழுகிற விசை சக்கரத்தை மறுபடி நேராக்கப் பார்க்கிறது. நம் கையில் உணர்கிற கனம் அதுதான். சரி, வேகம் கூடி நழுவு கோணமும் கூடினால் என்ன ஆகும்? அதிகமாக இழுபட்டிருப்பது பின் விளிம்புதானே, அங்கேதான் ரப்பர் முதலில் பிடியை விட்டுச் சறுக்கும். அப்போது விசையின் புள்ளி நடுவை நோக்கி முன்னால் நகர்கிறது, நெம்புகோல் குட்டையாகிறது. மொத்தப் பிடிப்பு இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் ஸ்டியரிங்கின் கனம் அதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். கனத்தின் உச்சத்துக்கும் பிடிப்பின் உச்சத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளிதான் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கிற முன்னெச்சரிக்கை. இதைவிட நேர்மையான எச்சரிக்கை மணி ஒரு காரில் இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

எல்லா டயரும் இதைச் சொல்கிறது, இன்றைய காரின் டயர் உட்பட. சொல்வது நம் கைவரை வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி. ஸ்பிரைட், எம்ஜிபி, லோட்டஸ் எலான் என்ற அந்தக் காலத்து கார்கள் எல்லாவற்றிலும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், அதாவது கம்பியின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம், அது குறுக்கே கிடக்கிற பல்வெட்டிய ஒரு தண்டைத் தள்ளும், அவ்வளவுதான். இணைப்புகள் குறைவு, அதனால் ஆட்டமும் குறைவு. நடுவில் பவர் ஸ்டியரிங் இல்லை. முன்பக்க எடை குறைவாக இருந்ததாலும் டயர் ஒல்லியாக இருந்ததாலும் அது தேவைப்படவும் இல்லை. எலானின் டயர் அகலம் 145 மில்லிமீட்டர்தான். இன்றைய கார் ஒன்றரை டன் எடையோடு அகலமான டயரில் நிற்கிறது. அதைத் திருப்ப மின்மோட்டார் வேண்டும், அந்த மோட்டாரின் உராய்வும் அதை நடத்துகிற மென்பொருளும் டயரிலிருந்து வருகிற நுட்பமான ஏற்ற இறக்கங்களை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. பார்க்கிங்கில் ஒரு விரலால் திருப்பலாம், உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் வளைவில் அந்த ஒரு நொடி காணாமல் போய்விடுகிறது.

முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அதைப் பின்பக்கம் சாய்த்து வைப்பார்களே, சைக்கிள் ஃபோர்க் சாய்ந்திருக்கிற மாதிரி, அந்தச் சாய்வும் ஸ்டியரிங்கை நேராக்கும். அதை அதிகமாக வைத்தால் வண்டி நேர்ச்சாலையில் அம்பு மாதிரி போகும், ஆனால் அந்தக் கனம் டயர் வழுக்கினாலும் அவ்வளவாகக் குறையாது, டயரின் குரல் அதற்குள் அமுங்கிவிடும். நல்ல ஸ்டியரிங் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எடுக்கிற அளவான முடிவு.

அடுத்தது வேகம். ஐம்பது மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு இருக்கிறது என்று வையுங்கள். பழைய ஒல்லி டயர் புவியீர்ப்பில் 0.7 பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டால் அந்த வளைவில் அதன் எல்லை மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர். 0.95 பங்கு பிடிக்கிற நவீன டயருக்கு 78. இரண்டு காரும் 60-ல் போனால் நவீன கார் தன் பிடிப்பில் அறுபது சதவீதத்தைத்தான் செலவழித்திருக்கும், பழையது எண்பதைத் தாண்டியிருக்கும். சட்டத்தை மீறாத வேகத்திலேயே பழைய கார் தன் எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது, பேச்சும் அங்கேதான் சுவாரசியமாகிறது. அது போக, உள்ளே நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகிற அந்தக் காலத்து குறுக்குநூல் டயர்கள் இன்றைய ரேடியல் டயரைவிடப் பெரிய நழுவு கோணத்தில் வேலை செய்தவை, பிடியை விடும்போதும் ஒரேயடியாக விடாமல் படிப்படியாக விட்டவை.

பிறகு எடை எங்கே இருக்கிறது என்பது. இரண்டு குடத்தைக் காவடிக் கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், முடியாது, திரும்பினாலும் நிறுத்த முடியாது. அதே இரண்டு குடத்தை இரண்டு இடுப்பிலும் அணைத்துக்கொண்டால் சுலபமாகத் திரும்பலாம். எடை மொத்தமும் அதேதான், நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. இந்தக் கார்களில் எஞ்சினை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள், ஆட்கள் அதற்குப் பின்னால், ஏறக்குறைய பின் அச்சின் மேலேயே. அதனால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்புகிறது. பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பின்சக்கரம் கொஞ்சம் நழுவினால் அது முதலில் நம் இடுப்பில்தான் தெரியும். முன்சக்கரத்தின் சேதி கையில், பின்சக்கரத்தின் சேதி இருக்கையில்.

இதையெல்லாம் ஒரே வண்டியில் சரியாகச் சேர்த்தது 1962-ல் வந்த லோட்டஸ் எலான். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு எஃகுச் சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் உடல், 1558 சிசி எஞ்சின், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், மொத்த எடை 700 கிலோவுக்கும் கீழே. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஸ்பிரிங் கட்டையாக இருக்கும் என்று பலரும் நினைப்பார்கள், எலானின் ஸ்பிரிங் நேர்மாறாக மென்மையானது. மேடுபள்ளமான சாலையில் கட்டை ஸ்பிரிங் சக்கரத்தைத் துள்ளவிடும், துள்ளுகிற சக்கரம் எதையும் பிடிக்காது. லோட்டஸை நிறுவிய கோலின் சாப்மன் எடையைக் குறைத்ததால்தான் மென்மையான ஸ்பிரிங்கே போதும் என்ற நிலை வந்தது. குறை இல்லாமல் இல்லை. பின்சக்கரத்துக்குச் சுழற்சி போகிற தண்டில் மூட்டுக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையங்களை வைத்திருந்தார்கள், கிளட்சை அவசரமாக விட்டால் அவை முறுக்கேறி, பிறகு அவிழ்ந்து, வண்டியை முன்னும் பின்னும் குலுக்கும். மெதுவாக விடக் கற்றுக்கொள்ள வேண்டும். மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே, எலானின் ஸ்டியரிங்கைத் தன் காரில் கொண்டுவர முடியவில்லையே என்று வருத்தப்பட்டவர். தன் காலத்தில் உலகின் மிக வேகமான சாலைக் காராக இருந்ததைச் செய்தவரின் வருத்தம் அது.

அந்த ஸ்டியரிங்குக்கும் சென்னைக்கும் ஓர் ஒட்டுறவு இருக்கிறது. எலானின் முன்சக்கரத்தைத் தாங்குகிற நிமிர்ந்த பாகம் டிரையம்ஃப் ஹெரால்டு குடும்பத்திலிருந்து எடுத்தது. அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். எங்கள் தெருவில் ஒன்று இருந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் சந்துக்குள் அது திரும்புவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு நன்றாக நினைவில் இருப்பது வேறு. ஒருநாள் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். வண்டி எழும்ப எழும்ப இரண்டு பின்சக்கரமும் நேராகத் தொங்காமல், அடிப்பக்கம் உள்ளே மடங்கிக்கொண்டே போனது, கிளம்புகிற பறவை காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிற மாதிரி. உடைந்துவிட்டதோ என்று பயந்தேன். உடையவில்லை, அதன் அமைப்பே அப்படி.

ஹெரால்டிலும் அதன் சட்டத்தின் மேல் கட்டிய 1962 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் பின்பக்கம் ஊசல் அச்சு. எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் நடுவில் இருக்கும், அதன் பக்கத்தில் மட்டும்தான் மூட்டு, சக்கரம் தண்டோடு விறைப்பாக ஒட்டியிருக்கும். அதனால் தண்டு சாய்ந்தால் சக்கரமும் சாயும். வளைவில் வேகமாகப் போகும்போது வெளிப்பக்க டயரைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. டயர் தரையைத் தொடுகிற இடத்தைவிட மூட்டு உயரத்தில் இருப்பதால் அந்தத் தள்ளல் வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கவும் செய்கிறது. அந்த நேரம் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் எழும்பும், ஜாக்கியில் நான் பார்த்த அதே மடங்கல் ஓடுகிற வண்டியில் நடக்கும். டயர் விளிம்பில் நிற்கும், பிடிப்பு போய்விடும். மோசம் என்னவென்றால் இதற்கு முன்னறிவிப்பு மிகக் குறைவு. முன்சக்கரம் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பின்சக்கரம் வாயைத் திறக்காமல் கைவிட்டுவிடும்.

1970-ல் வந்த நான்காம் மாடல் ஸ்பிட்ஃபயரில் இதற்கு மிக எளிமையான தீர்வு கண்டார்கள். குறுக்கே கிடந்த பட்டை ஸ்பிரிங் முழுவதையும் இறுக்கிக் கட்டாமல், ஒரு பட்டையை மட்டும் கட்டி மற்றவற்றை நடுவில் ஊசலாட விட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே ஏறினால் ஸ்பிரிங் தாங்கும், வளைவில் ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் தராசு மாதிரி சும்மா சாய்ந்துகொடுக்கும், பின்பக்கத்தைத் தூக்காது. நம் ஊரில் ஹெரால்டின் வாரிசாக 1972-ல் வந்த கெஸலில் ஊசல் அச்சையே எடுத்துவிட்டு, இரண்டு பின்சக்கரத்தையும் விறைப்பாக இணைக்கிற சாதாரண ஒற்றை அச்சைப் போட்டார்கள்.

ஒற்றை அச்சுக்கும் ஒரு குணம் உண்டு. வளைந்த பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை சட்டத்தில் மாட்டியிருக்கும், அச்சு அதைவிடத் தாழ இருக்கும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிப்பக்கச் சக்கரம் மேலேறும்போது கொஞ்சம் பின்னால் போகிறது, உள்பக்கச் சக்கரம் இறங்கும்போது கொஞ்சம் முன்னால் வருகிறது. ஆக, நாம் தொடாமலேயே பின் அச்சு தானாக ஸ்டியரிங் செய்கிறது. முதல் ஸ்பிரைட் மூக்கை வெடுக்கென்று திருப்புவதில் இதற்கும் பங்கு உண்டு, 1964-ல் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியதும் அந்தப் பதற்றம் அடங்கியது.

எம்ஜிபி-க்கு நடந்தது எதிர்த்திசை. 1962 முதல் அது அமைதியான, நம்பகமான வண்டி. 1974-ல் அமெரிக்க விதிகளுக்காக கனமான ரப்பர் பம்பர் வந்தது, விளக்கின் உயரம் போதாது என்று வண்டியையே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தூக்கினார்கள். எடை மேலே போனால் சாய்வு கூடும், சாய்வு கூடினால் அச்சு செய்கிற தானியங்கி ஸ்டியரிங்கும் கூடும். போதாததற்கு, செலவைக் குறைக்க 1975 மாடலில் சாய்வைத் தடுக்கிற முன்பக்கக் கம்பியையும் எடுத்துவிட்டார்கள். ஒரே ஓர் அங்குலம், ஒரே ஒரு கம்பி, வண்டி வேறு வண்டியாகிவிட்டது. 1977 மாடலில் முன்னாலும் பின்னாலும் கம்பி போட்டு ஓரளவு சரிசெய்தார்கள். ஆனாலும் ரப்பர் பம்பர் எம்ஜிபி வாங்குகிற பலர் இன்றும் பெயின்ட்டில் கைவைப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில்தான் படுக்கிறார்கள், ஸ்பிரிங்கை மாற்றி, ஏற்றின அந்த அங்குலத்தை இறக்குவதற்காக.